உடற்பயிற்சி ஷூவை எப்போது மாற்றுவது? வீட்டிலேயே பரிசோதித்து முடிவெடுக்க முழுமையான வழிகாட்டி

ஷூவை மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்கப் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். ஷூவைத் திருப்பி அடியைப் பார்ப்பார்கள். ரப்பரில் வரிகள் இன்னும் இருக்கின்றன, மேலே கிழிசல் இல்லை, துவைத்தால் புதிது மாதிரி ஆகிவிடும். சரி, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆனால் ஷூவில் முதலில் வேலையை நிறுத்துவது அந்த ரப்பர் இல்லை. அதற்கு மேலே ஒளிந்திருக்கும் ஃபோம்தான் முதலில் போகிறது. அது போவது கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் சட்டென்று தெரியாது. அதனால்தான் இதைப் பரிசோதிக்க ஒரு முறை தேவைப்படுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏதோ ஒரு கிலோமீட்டர் கணக்கைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கும் ஷூவைத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் வீண். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான நேரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சமமான மேஜையும், இரண்டு கைகளும், ஷூ புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்ற நினைவும் போதும்.

ஷூவுக்குள் என்ன நடக்கிறது

ஓட்டத்துக்கோ ஜிம்முக்கோ போடும் ஷூவை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். காலை மூடியிருக்கும் துணிப்பகுதி மேலே. தரையில் படும் ரப்பர் கீழே, இது அவுட்சோல். இரண்டுக்கும் நடுவே தடிமனாக இருக்கும் ஃபோம்தான் மிட்சோல். உள்ளே நாம் கழற்றி எடுக்கும் மெல்லிய இன்சோல் வேறு, மிட்சோல் வேறு. இதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்சோலை மாற்றினால் ஷூ புதிதாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய.

மிட்சோலில் நீண்ட காலமாக அதிகம் பயன்படும் பொருள் இ.வி.ஏ. எனப்படும் எத்திலீன் வினைல் அசிட்டேட். இதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வாயுக் குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. கால் தரையில் இறங்கும்போது குமிழிகள் நசுங்கி அதிர்வை வாங்குகின்றன, கால் எழும்போது விரிகின்றன. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை பாதத்தின் மேல் விழுகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 140 முதல் 210 கிலோவின் பாரம். ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 1,000 அடிகள், அதாவது ஒரு காலுக்கு 500 என்று வைத்துக்கொண்டால், 600 கிலோமீட்டரில் ஒவ்வொரு ஷூவும் 3 லட்சம் முறை நசுங்கி எழுந்திருக்கும். போகப் போகக் குமிழிகளின் சுவர்கள் மடங்கி, மெலிந்து, கிழிந்துபோகின்றன. பழைய தலையணை தட்டையாகிப்போவது போல, ஃபோம் ஒரு கட்டத்துக்கு மேல் முழுதாக எழும்புவதில்லை.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது? 1985-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வில், ரன்னிங் ஷூக்களை இயந்திரத்தில் வைத்து ஓட்டத்தைப்போல் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்கள். முதல் 80 கிலோமீட்டருக்குச் சமமான அழுத்தத்திலேயே அதிர்வு தாங்கும் திறன் ஏறக்குறைய 75 சதவீதமாகக் குறைந்தது. 160 முதல் 240 கிலோமீட்டரில் 67 சதவீதம். 400 முதல் 800 கிலோமீட்டருக்குள் 60 சதவீதத்துக்கும் கீழே போனது. மனிதர்கள் போட்டு ஓடிய ஷூக்கள் கொஞ்சம் மேல். 800 கிலோமீட்டரிலும் 70 சதவீதம் அளவுக்குத் தாக்குப்பிடித்தன. இன்றைய ஃபோம்கள் அன்றையதைவிட நல்லவை, எனவே இந்த எண்களை அப்படியே இன்றைய ஷூவுக்குப் பொருத்த வேண்டாம். கவனிக்க வேண்டியது அதன் போக்கு. திறன் முதலில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் குறைகிறது. நேற்றுவரை நன்றாக இருந்து இன்று செத்துப்போகும் ஷூ என்று எதுவும் கிடையாது.

மெதுவாக மாறுவதால்தான் நமக்குத் தெரிவதில்லை. உடம்பு தன்னைத்தானே சரிக்கட்டிக்கொள்கிறது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரைப் புது ஷூவில் ஓடவைத்துப் பார்த்தார்கள். அதே ஷூவில் அவர்கள் 320 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் அளந்தார்கள். கால் மேல் விழும் வெளி விசையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பாதம் தரையில் இருக்கும் நேரம் கூடியிருந்தது, கணுக்கால் மடங்கும் விதமும் உடல் சாயும் விதமும் மாறியிருந்தன. ஷூ செய்யாமல் விட்ட வேலையைக் கால்கள் எடுத்துச் செய்திருக்கின்றன. "எனக்கு வசதியாகத்தானே இருக்கிறது" என்பதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 1: ஷூவுக்கு ஒரு கணக்கு வையுங்கள்

ரன்னிங் ஷூவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 500 முதல் 800 கிலோமீட்டர். இது மாற்றியே தீர வேண்டிய கெடு இல்லை. 500-ஐத் தொட்டதும் கீழே சொல்லும் பரிசோதனைகளை அடிக்கடி செய்யத் தொடங்குங்கள் என்பதற்கான நினைவூட்டல். எடை அதிகமுள்ளவர், கரடுமுரடான சாலையில் ஓடுபவர், மெல்லிய எடை குறைந்த ஷூ போடுபவர் ஆகியோருக்கு 500-க்கு முன்பே வேலை வந்துவிடலாம். எடை குறைந்தவர், மென்மையான மண்பாதையில் ஓடுபவர் 800-ஐத் தாண்டியும் நிம்மதியாகப் போகலாம்.

கணக்கு வைப்பது எளிது. புது ஷூ வந்த அன்றே, நிரந்தர மை பேனாவால் ஷூவின் நாக்குக்கு உட்புறம் தேதியை எழுதிவிடுங்கள். ஸ்ட்ராவா, கார்மின் கனெக்ட் போன்ற செயலிகளில் ஷூவைப் பதிந்துவைத்தால் ஓடும் தூரத்தை அதுவே கூட்டிக்கொண்டு வரும். செயலி வேண்டாமென்றால் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகப் பெருக்கிக்கொள்ளுங்கள். வாரம் 20 கிலோமீட்டர் ஓடினால் 500-ஐத் தொட 25 வாரங்கள், அதாவது ஆறு மாதம். வாரம் 40 என்றால் மூன்று மாதம் கொஞ்சம்.

அதே ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்கும் வேலைக்கும் போகிறவர்கள் அந்தத் தூரத்தையும் சேர்க்க வேண்டும். நடை, ஓட்டம் அளவுக்கு ஃபோமை நசுக்காது. ஆனால் நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும் சேர்ந்தால் அது கணிசமான உழைப்பு. பயிற்சிக்கான ஷூவைப் பயிற்சிக்கு மட்டும் வைத்திருப்பது, என்னைக் கேட்டால், ஷூவின் ஆயுளைக் கூட்ட இருப்பதிலேயே மலிவான வழி.

அப்புறம் ஒன்று. புது ஷூவைப் போடுவதற்கு முன், பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் அடியிலிருந்தும் மூன்று படங்கள் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் பரிசோதனைகள் எல்லாமே ஒப்பீடுதான். ஒப்பிடப் பழைய படம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்

இரண்டு ஷூக்களையும் சமமான மேஜையில், குதிகால் உங்கள் பக்கம் இருக்கும்படி வையுங்கள். கண்ணை ஷூவின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். குதிகால் பகுதி நடுவில் நேராக நிற்கிறதா, உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருக்கிறதா?

சாய்ந்திருந்தால் ஃபோம் ஒரு பக்கம் மட்டும் அமுங்கிவிட்டது என்று பொருள். நீங்கள் காலை வைக்கும்போதெல்லாம் அந்தச் சாய்வான பரப்பின் மேல்தான் வைக்கிறீர்கள். கணுக்காலும் முழங்காலும் அந்தக் கோணலைச் சமாளித்தாக வேண்டும். நான் பார்க்கும் அடையாளங்களிலேயே இதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன். மற்ற எல்லாம் நன்றாக இருந்து, இது மட்டும் தெளிவாகத் தெரிந்தாலும் அந்த ஷூவில் ஓடுவதை நிறுத்திவிடலாம்.

ஒரு ஷூ நேராகவும் மற்றது சாய்ந்தும் இருப்பதுண்டு. இரண்டு கால்களும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. முடிவெடுக்கும்போது மோசமான ஷூவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஷூவை முன்னும் பின்னும் லேசாக ஆட்டியும் பாருங்கள். முன்பு நிலையாக நின்ற ஷூ இப்போது ஒரு பக்கமாகத் தள்ளாடினால் அதுவும் இதே கதைதான்.

படி 3: மிட்சோலைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள்

ஷூவின் பக்கவாட்டில் தெரியும் ஃபோமை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குறுக்கே ஓடும் மெல்லிய சுருக்கக் கோடுகள் இருக்கிறதா என்று தேடுங்கள். காலை உள்ளே விட்டு எழுந்து நிற்கும்போது கோடுகள் தோன்றுவது இயல்பு. ஷூவைக் கழற்றிச் சும்மா வைத்திருக்கும்போதும் ஆழமாக, குறிப்பாகக் குதிகாலின் பக்கத்திலும் முன்பாதத்தின் பக்கத்திலும் அவை மறையாமல் நின்றால் ஃபோம் நிரந்தரமாக நசுங்கிவிட்டது.

பிறகு இன்சோலை எடுத்துவிட்டு, உள்ளே குதிகால் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அதே நேரம் மறு கையின் விரலால் அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்துங்கள். புது ஷூவில் ஃபோம் கொஞ்சம் உள்வாங்கிச் சட்டென்று திருப்பித் தள்ளும். தேய்ந்த ஷூவில் இரண்டில் ஒன்று நடக்கும். விரல் எளிதாக உள்ளே போய், ஃபோம் சோம்பலாக மெதுவாகத் திரும்பும்; இல்லாவிட்டால், கட்டையைத் தொட்டதுபோல் இறுகிப்போய் உள்வாங்கவே உள்வாங்காது. இரண்டுமே நல்ல செய்தி இல்லை. குதிகாலில் அழுத்தியதை, பாதத்தின் எடை அதிகம் விழாத நடுவளைவுப் பகுதியிலும் அழுத்தி ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். அந்த ஷூவிலேயே உழைக்காத ஃபோமும் உழைத்த ஃபோமும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன அல்லவா.

இந்தப் பரிசோதனையை ஓடிமுடித்த கையோடு செய்யாதீர்கள். ஃபோம் ஓய்வில் ஓரளவு மீளும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கடும் குளிரில் வைத்த ஷூவிலும் பார்க்க வேண்டாம்; குளிரில் இ.வி.ஏ. இறுகிவிடும்.

படி 4: வளைத்துப் பாருங்கள், முறுக்கிப் பாருங்கள்

குதிகாலை ஒரு கையிலும் முன்னுனியை இன்னொரு கையிலும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூ மடங்க வேண்டும். பாதி நீளத்தில், நடுவளைவில் புத்தகம் மாதிரி மடிந்தால் உள்ளிருக்கும் தாங்குதிறன் போய்விட்டது. பிறகு துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். கொஞ்சம் எதிர்ப்புக் கொடுக்க வேண்டும்.

ஆனால் சில ஷூக்களை மிக நெகிழ்வாகவே வடிவமைக்கிறார்கள். கார்பன் தகடு வைத்த போட்டி ஷூக்களோ தேய்ந்த பிறகும் மடங்காமல் விறைப்பாக நிற்கும், ஏனென்றால் தகடு அப்படியே இருக்கிறது, ஃபோம்தான் போயிருக்கும். அதனால் இந்தப் பரிசோதனை தனியாக எதையும் நிரூபிக்காது. முன்பு இருந்ததைவிட எவ்வளவு மாறியிருக்கிறது என்பதே கேள்வி.

படி 5: அடி ரப்பர்

இப்போது ஷூவைத் திருப்பலாம். ரப்பர் வரிகள் முழுதாக மழுங்கி, தொட்டால் வழுவழுப்பாக இருந்தால் ஈரத்தரையில் வழுக்கும். ரப்பர் முழுதும் தேய்ந்து அடியிலிருந்து ஃபோம் எட்டிப்பார்த்தால் யோசிக்கவே வேண்டாம். ஃபோமுக்குத் தரையோடு உரசும் பலம் கிடையாது. சில நாட்களில் பள்ளம் விழுந்துவிடும். எடை குறைக்க ஆங்காங்கே ஃபோமையே தரையில் படும்படி விட்டிருக்கும் மாடல்களும் உண்டு, அதைத் தேய்மானம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குதிகாலின் வெளிப்பக்க ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருப்பதைப் பார்த்துப் பலர் கவலைப்படுகிறார்கள். ஓடுபவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கால் முதலில் தொடும் இடமே அதுதான். அங்கே தேய்வது இயல்பு. அதைக் கொண்டு உங்கள் நடையில் கோளாறு என்றோ, இந்த வகை ஷூதான் வாங்க வேண்டும் என்றோ யாராவது உறுதியாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன். ரப்பர் தேய்ந்த இடம், கால் தரையோடு எங்கே உரசுகிறது என்பதைக் காட்டும். எந்த இடத்தில் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதை அது அப்படியே காட்டுவதில்லை.

டிரெட்மில்லில் ஓடுபவர்கள் அடியைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிரெட்மில் பெல்ட் சாலையைப்போல் ரப்பரை உரசித் தேய்ப்பதில்லை, அதனால் 700 கிலோமீட்டருக்குப் பிறகும் அடி புதிதாகத் தெரியலாம். உள்ளே ஃபோம் மட்டும் சாலையில் ஓடிய ஷூவைப் போலவே பல லட்சம் முறை நசுங்கியிருக்கும்.

படி 6: உள்ளே கையை விடுங்கள்

குதிகாலைச் சுற்றியிருக்கும் உட்புறத் துணி கிழிந்து, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் விரலில் தட்டுப்படுகிறதா? கால் கொப்புளத்துக்கு இது முக்கியமான காரணம். குதிகாலின் பின்பக்கக் கிண்ணத்தை வெளியிலிருந்து இரண்டு விரலால் நசுக்குங்கள். முன்பு உறுதியாக இருந்தது இப்போது எளிதில் அமுங்கினால், ஓடும்போது குதிகால் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.

லேஸை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறதா, இறுக்கியும் கால் வழுக்குகிறதா என்றும் கவனியுங்கள். துணி தளர்ந்துவிட்டதன் அடையாளம் அது. பெருவிரலுக்கு மேலே ஓட்டை விழுந்திருந்தால், ஷூ தேய்ந்தது என்பதைவிட அளவு சின்னது என்பதே பெரும்பாலும் காரணம். அடுத்த ஜோடி வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இன்சோலில் பாதத்தின் அச்சு பதிந்திருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. அச்சு ஆழமாகி, இன்சோலே காகிதம் போல் மெலிந்திருந்தால் இன்சோலை மாற்றலாம். கீழே மிட்சோல் நன்றாக இருக்கும்வரை அது பயன்தரும். மிட்சோல் போன பிறகு எவ்வளவு நல்ல இன்சோல் வைத்தாலும் அது சாய்ந்த தரையில் விரித்த ஜமுக்காளம்தான். சாய்வு அப்படியே இருக்கும்.

படி 7: உடம்பு என்ன சொல்கிறது

தூரத்தையோ வேகத்தையோ கூட்டாத நிலையில், தரையும் மாறாத நிலையில், புதிதாக ஒரு வலி எட்டிப்பார்த்தால் ஷூவைச் சந்தேகப்படுங்கள். முன்கால் எலும்பை ஒட்டிய வலி, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தல், ஓடி முடித்த மறுநாள் முழங்காலைச் சுற்றி ஒரு மந்தமான வலி, உள்ளங்காலில் எரிச்சல், இவையெல்லாம் அந்த வகை. இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

எளிய சோதனை ஒன்று: வேறு நல்ல ஜோடி இருந்தால் இரண்டு மூன்று பயிற்சிகளை அதில் செய்து பாருங்கள். வலி குறைந்தால் பழைய ஷூவுக்கு வேலை முடிந்தது. வலி அப்படியே இருந்தால் பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது. எல்லா வலிக்கும் ஷூவைக் குற்றம் சொல்லி, மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, உண்மையான காயத்தைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து. எலும்பில் ஒரே புள்ளியை அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறது, ஓய்வில் இருக்கும்போதும் இரவிலும் வலிக்கிறது, வீக்கம் இருக்கிறது, நொண்டி நடக்க வேண்டியிருக்கிறது என்றால் ஓடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்முறிவு இருந்தால் புது ஷூ அதைச் சரிசெய்யாது.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தப் படியை நம்பவே கூடாது. வலி என்ற எச்சரிக்கை மணி அவர்களுக்கு ஒலிக்காமலே போகலாம். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவி, மடிப்போ கிழிசலோ சிறு கல்லோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றியதும் பாதத்தில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உட்புறத் துணி கிழிந்தாலே மாற்றிவிட வேண்டும்.

பயிற்சிக்குப் பயிற்சி அடையாளம் மாறும்

மேலே சொன்னது பெரும்பாலும் ஓட்டத்துக்கும் நடைக்கும். நடைப்பயிற்சி ஷூவுக்கும் அதே பரிசோதனைகள்தான். தாக்கம் குறைவு என்பதால் பொதுவாகக் கூடுதல் காலம் வரும்.

எடை தூக்குபவர்களின் கதையே வேறு. அதற்கென்று செய்த ஷூவில் குதிகால் கெட்டியான பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ இருக்கும், நசுங்க ஃபோமே இல்லை. ஆண்டுக்கணக்கில் வரும். பட்டை கிழிவது, அடி பிரிந்து வாயைப் பிளப்பது, குதிகால் ஆடுவது ஆகியவைதான் அங்கே பார்க்க வேண்டியவை. ஆனால் பலரும் தேய்ந்துபோன ரன்னிங் ஷூவை "ஜிம்முக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்குகிறார்கள். ஒரு பக்கம் அமுங்கிய ஃபோமின் மேல் நின்றுகொண்டு பாரத்தைத் தோளில் ஏற்றி ஸ்குவாட் செய்வது, புது ரன்னிங் ஷூவில் செய்வதைவிடவும் மோசம். பாரம் தூக்க மெல்லிய, தட்டையான, உறுதியான அடி வேண்டும். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

குதிப்பதும், பக்கவாட்டில் நகர்வதும், கயிறு ஏறுவதும் கலந்த பயிற்சிகளில் ஷூ மேல்பக்கம்தான் முதலில் போகும். சுண்டுவிரல் பக்கத் துணி அடியிலிருந்து பிரிகிறதா, பக்கவாட்டில் அடிவைக்கும்போது கால் ஷூவின் ஓரத்தைத் தாண்டி வழிகிறதா என்று பாருங்கள். அப்படி வழிந்தால் கணுக்கால் பிசகுவதற்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். இந்த வகைக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. வாரம் நான்கைந்து நாள் போடுபவர் ஆறு மாதத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது.

பூப்பந்து, டென்னிஸ், கூடைப்பந்து ஆடுபவர்களுக்குப் பிடிமானம்தான் உயிர். அடி வரிகள் மழுங்கியதும், சட்டென்று நின்று திரும்பும்போது கால் வழுக்குவதும் தெரிந்தால், ஃபோம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆடுகளத்துக்கு அந்த ஷூ வேண்டாம். அதற்கு முன் அடியை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். சில சமயம் வெறும் தூசிதான் காரணமாக இருக்கும்.

போட்டி ஷூக்களில் வரும் பீபா (PEBA என்ற ஒருவகை பிளாஸ்டிக்) ஃபோம் மிக லேசானது, நன்றாகத் துள்ளும், ஆனால் பொதுவாகக் குறைந்த காலமே உழைக்கும். 2023-ல் அடிடாஸ் வெளியிட்ட அடிசீரோ அடியோஸ் புரோ ஈவோ 1, ஒரு மாரத்தானுக்கும் அதற்கு முன் காலுக்குப் பழக்கிக்கொள்ளும் நேரத்துக்கும் என்றே சொல்லி விற்கப்பட்டது. எல்லாப் போட்டி ஷூவும் அப்படியில்லை என்றாலும், அவற்றில் தினமும் பயிற்சி ஓடுவது பணத்தைத் தரையில் தேய்ப்பது.

ஓடாமல் வைத்த ஷூவும் கெடும்

அலமாரியில் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்த ஷூவை எடுத்துப் போட்டதும் அடி பிய்த்துக்கொண்டு வரும். பசை காய்ந்து விட்டுப்போயிருக்கும். பாலியூரிதேன் மிட்சோல் என்றால் இன்னும் மோசம்: காற்றின் ஈரம் அந்தப் பொருளை மெல்ல மெல்ல உடைத்துவிடுவதால், ஒரு நாள் துண்டு துண்டாக உதிரும். மலையேற்ற பூட்ஸ்களில் இந்தப் பொருள் அதிகம். பயணத்துக்கு முன், பழைய பூட்ஸை வீட்டிலேயே சில நாள் போட்டு நடந்து பாருங்கள். உச்சியில் வைத்து அடி கழன்றால் இறங்கி வருவது பெரும்பாடு.

பல நிறுவனங்கள் நாக்கின் உட்புறத்தில் அளவு அச்சிட்ட லேபிளிலேயே தயாரித்த காலத்தையும் சிறிய எழுத்தில் போடுகின்றன. பெரிய தள்ளுபடியில் வாங்கும்போது அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, முடிவெடுப்பது எப்படி

நான் கடைப்பிடிக்கும் வழி இது. மேஜைச் சோதனையில் சாய்வு, அடியில் ஃபோம் தெரிவது, மேல்துணி அடியிலிருந்து பிரிவது, உள்ளே பிளாஸ்டிக் துருத்துவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஷூவை மாற்றிவிடலாம். நிற்கும் சுருக்கங்கள், விரலுக்குத் துள்ளாத ஃபோம், கூடிய நெகிழ்வு, மழுங்கிய வரிகள், தளர்ந்த குதிகால் ஆகியவை தனித்தனியாகப் பெரிதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து வந்து, கிலோமீட்டரும் 500-ஐத் தாண்டியிருந்தால் புது ஜோடி தேடத் தொடங்குங்கள். கிலோமீட்டர் மட்டும் கூடியிருக்கிறது, வேறு எந்த அடையாளமும் வலியும் இல்லை என்றால் தைரியமாகத் தொடருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்தால் போதும்.

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? அதே மாடல் புதிதாகக் கிடைத்தால் ஒரு காலில் புதியதையும் மறு காலில் பழையதையும் போட்டுச் சில அடி நடந்து பாருங்கள். ஓட வேண்டாம், நடந்தால் போதும். உயரத்திலும் மென்மையிலும் இருக்கும் வித்தியாசம் உடனே காலில் தெரியும். இவ்வளவு தெளிவான பதில் வேறு எந்தச் சோதனையிலும் கிடைக்காது.

மாற்றும் முறை

பழையது முழுதாகச் சாகும்வரை காத்திருக்காதீர்கள். முந்தைய ஜோடிக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் மீதமிருக்கும்போதே புதியதைக் கொண்டுவந்து, முதலில் குறுகிய ஓட்டங்களுக்கு மட்டும் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மெல்ல நீண்ட ஓட்டங்களுக்கு நகர்த்துங்கள். தட்டையாகிப்போன பழைய ஷூவுக்குப் பழகிய கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் புதிய உயரத்துக்குப் பழகக் கொஞ்சம் நேரம் கேட்கும். குறிப்பாக, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் புதிய மாடலில் மாறியிருந்தால் அவசரப்படவே கூடாது. போட்டிக்கு முந்தைய வாரம் ஷூ மாற்றுவது எந்த வகையிலும் நல்லதில்லை.

அளவை மறுபடியும் அளந்துகொள்ளுங்கள். வயது ஏற ஏறப் பாதம் அகலமும் நீளமும் கூடலாம். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடும் சாக்ஸோடு, எழுந்து நின்று அளக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும்.

இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடும் பழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஓர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாறி மாறிப் பயன்படுத்தியவர்களிடம் காயத்துக்கான வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஷூ மாறும்போது காலின் மேல் விழும் பாரமும் கொஞ்சம் இடம் மாறுவதால் இப்படி இருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. புதியதும் பழையதும் கையில் இருக்கும்போது தேய்மானம் காலிலேயே தெரிந்துவிடும்.

ஆயுளைக் கூட்ட

வெயிலில் நிறுத்திய காருக்குள் ஷூவை விட்டுவைக்காதீர்கள். வெப்பம் பசையையும் ஃபோமையும் கெடுக்கும். துவைக்கும் இயந்திரத்தில் போடுவதும், உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் காயவைப்பதும் அதே காரணத்துக்காக வேண்டாம். மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். நனைந்தால் இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். லேஸை அவிழ்க்காமல் ஒரு காலால் மறு குதிகாலை மிதித்துக் கழற்றுகிறவர்கள், குதிகால் கிண்ணத்தைத் தாங்களே உடைக்கிறார்கள்.

பயிற்சிக்கு ஓய்வு கொடுத்த ஷூ, மேல்துணி நன்றாக இருந்தால் தோட்ட வேலைக்கும் மழைநாள் நடைக்கும் உதவும். சாய்ந்துபோன ஷூவை அதற்கும் வைக்க வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் காலுக்கு ஆகாதது இன்னொருவர் காலுக்கும் ஆகாது. ஷூவை மறுசுழற்சிக்கு வாங்கிக்கொள்ளும் இடம் இருந்தால் அங்கே சேர்த்துவிடுங்கள். லேஸும் இன்சோலும் நன்றாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.